புதிய கட்டடங்களுக்கு நடுவே பழைய மரங்கள்: நகரின் மரப் பாதுகாப்பு விதிகளைத் திருத்தி எழுதுவது எப்படி?

சென்னையின் தென்புறநகர் ஒன்றில் ஒன்றரை கிரவுண்டு (3,600 சதுர அடி) மனையில் நின்ற ஒரு வேப்பமரத்தைப் பல ஆண்டுகள் பார்த்து வந்தேன். அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு கட்ட வந்தவர்கள் அந்த மரத்தை வெட்டவில்லை; மரம் அப்படியே இருக்கும் என்று அக்கம்பக்கத்தாரிடம் உறுதியும் கூறினார்கள். ஆனால் மழைநீர் தேங்கும் பகுதி என்பதால் மனையை மூன்றடி உயர்த்த மண் கொட்டினார்கள். அந்த மண் அடிமரத்தைச் சுற்றியும் ஏறியது. தண்டிலிருந்து நான்கடி தள்ளி சம்ப் என்னும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குத் தோண்டினார்கள். கலவை இயந்திரத்தைக் கழுவிய சிமென்ட் தண்ணீரை மரத்தடியிலேயே கொட்டினார்கள். முதலாண்டு மரம் பசுமையாகவே நின்றது. இரண்டாமாண்டு உச்சிக் கிளைகள் மொட்டையாயின. மூன்றாமாண்டு பங்குனியில், தெருவிலிருந்த மற்ற வேம்புகளெல்லாம் துளிர்த்துப் பூத்தபோது இது துளிர்க்கவில்லை. பட்ட மரம் யார் தலையிலாவது விழுந்துவிடும் என்று குடியிருப்போரே ஆள் வைத்து வெட்டினார்கள். இதில் எந்த இடத்திலும் எவரும் ஒரு விதியையும் மீறவில்லை.

மரத்தை வெட்டுவதை மட்டும் தடுக்கும் விதி மரத்தைக் காப்பாற்றாது என்பதை அந்த வேம்பிடம்தான் நான் கற்றுக்கொண்டேன். விதி காக்க வேண்டியது மரத்தின் அடியிலுள்ள மண்ணை. அது வந்து சேர வேண்டிய நேரம் கட்டட வரைபடம் வரையப்படுவதற்கு முன்பு. நகராட்சி, மாநகராட்சி மன்ற உறுப்பினர்களும் நகரமைப்புப் பிரிவு அலுவலர்களும் குடியிருப்போர் நலச் சங்கத்தினரும் தங்கள் ஊருக்கான மரப் பாதுகாப்பு விதிகளைத் திருத்த உட்காரும்போது, எதை எந்த வரிசையில் செய்தால் அது காகிதத்தோடு நின்றுவிடாது என்பதைத் தமிழ்நாட்டு நகரங்களை மனத்தில் வைத்துக் கீழே எழுதுகிறேன்.

முதலில், கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கர்நாடகத்துக்கு 1976ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டமும், மகாராஷ்டிரத்தின் நகர்ப்பகுதிகளுக்கு 1975ஆம் ஆண்டின் சட்டமும், தில்லிக்கு 1994ஆம் ஆண்டின் சட்டமும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் மலைப்பகுதிகளுக்கென 1955ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. சமவெளி நகரங்களில் தனியார் மனையில் நிற்கும் மரங்களுக்கென்று அப்படியொரு முழுமையான சட்டம் இல்லை. பொது நிலத்திலுள்ள மரங்களை வெட்டுவதென்றால் மாவட்டப் பசுமைக் குழுவின் முன் செல்ல வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் போகும் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. அந்த அனுமதியில் 80 சதுர மீட்டர் நிலத்துக்கு ஒரு மரம் என்றும், வெட்டும் ஒரு மரத்துக்கு மூன்று மரம் நட வேண்டும் என்றும் நிபந்தனைகள் வழக்கமாக இடம்பெறும். இவற்றுக்கு நடுவில் விடுபட்டுப்போவது ஒரு கிரவுண்டு, இரண்டு கிரவுண்டு மனைகள். பழைய தனிவீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பும் மறுகட்டுமானத்தில்தான் நம் நகரங்களின் முதிர்ந்த மரங்களில் பெரும்பகுதி ஓசையில்லாமல் போகிறது என்பது என் கணிப்பு. எனவே திருத்தத்தின் கண் அந்த மனைகள்மீதே இருக்க வேண்டும்.

அடுத்து, யாருக்கு எந்த அதிகாரம் என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு), பக்க இடைவெளி, வாகன நிறுத்தக் கணக்கு ஆகியவை 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் அடங்கியவை. அவற்றை மாற்றும் அதிகாரம் மாநில அரசிடம்தான் இருக்கிறது. மரக் கணக்கெடுப்பு, விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய படிவம், கள ஆய்வு முறை, தன் சொந்தச் சாலைகளிலும் பூங்காக்களிலும் நிற்கும் மரங்களுக்கான நிபந்தனை, வார்டு அளவிலான கண்காணிப்பு ஆகியவற்றை 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தின் கீழ் உள்ளாட்சி அமைப்பு தன் தீர்மானங்கள் வழியாகவும் துணைவிதிகள் வழியாகவும் தொடங்க முடியும். இரண்டையும் ஒரே ஆவணத்தில் கலந்து எழுதினால், மாநில அரசின் ஒப்புதலுக்காக மொத்தமும் காத்துக் கிடக்கும். இரண்டு ஆவணங்களாகப் பிரியுங்கள்: ஒன்று மன்றம் உடனே நிறைவேற்றுவது, மற்றொன்று வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைக்கு அனுப்பும் பரிந்துரை.

எது மரம்?

வரையறை சலிப்பூட்டும் பகுதி என்று எண்ணிப் பலரும் அதைக் கடந்துவிடுகிறார்கள். பின்னாளில் ஒவ்வொரு வழக்கும் அங்கேதான் முட்டி நிற்கும். தில்லிச் சட்டம் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் 5 செ.மீ. விட்டமும் குறைந்தது ஒரு மீட்டர் உயரமும் உள்ள எதையும் மரம் என்கிறது. சிங்கப்பூரின் மரப் பாதுகாப்புப் பகுதிகளில் ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்துக்கு அனுமதி கட்டாயம். முதலாவது வரையறை மிக அகலமானது. ஒவ்வொரு செடிக்கும் அலுவலர் வர வேண்டுமென்றால் அவர் எதற்குமே வரமாட்டார். இரண்டாவது, மெல்ல வளரும் மரங்களைக் கைவிட்டுவிடும். நெஞ்சுயரத்தில், அதாவது தரையிலிருந்து ஏறக்குறைய 1.3 மீட்டர் உயரத்தில், தண்டைச் சுற்றித் தையல் நாடா பிடித்து அளக்கும் சுற்றளவையே அளவுகோலாகக் கொண்டு மூன்று படிகள் வைக்கலாம் என்பது என் பரிந்துரை: 30 செ.மீ. சுற்றளவைத் தாண்டிய எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும், 90 செ.மீ. தாண்டியவற்றை வெட்ட அனுமதி வேண்டும். இரண்டரை மீட்டரைத் தாண்டியவை பெருமரம் என்ற தகுதி பெற்று, உயிருக்கு ஆபத்து என்று எழுத்துப்பூர்வமாக நிறுவப்பட்டாலன்றி வெட்டப்படக் கூடாது.

மகிழம், புன்னை, இலுப்பை போன்றவை நிதானமாகப் பருப்பவை. தூங்குமூஞ்சி மரமும் இயல்வாகையும் விறுவிறுவென்று பருத்துவிடும். ஆகவே மெல்ல வளரும் மரங்களின் பட்டியல் ஒன்றை விதியோடு இணைத்து, அவற்றுக்கு மேற்சொன்ன அளவுகளைப் பாதியாகக் குறையுங்கள். பனைக்கும் தென்னைக்கும் சுற்றளவு பொருந்தாது. அவை வயதாக ஆக உயருமே தவிரப் பருக்காது. அவற்றுக்கு உயரத்தை அளவாகக் கொள்ள வேண்டும். முருங்கை, அகத்தி போல வீட்டுத் தேவைக்கு நட்டு வெட்டுபவற்றையும் சீமைக்கருவேலத்தையும் விலக்குப் பட்டியலில் வெளிப்படையாகப் பெயர் சொல்லி எழுதிவிடுங்கள். முருங்கையை ஒடிக்கக்கூட மாநகராட்சி அனுமதி வேண்டுமாம் என்ற பேச்சு ஒருமுறை பரவிவிட்டால், நல்ல விதியின் மீதும் மக்களுக்கு வெறுப்பு வந்துவிடும்.

மகாராஷ்டிரம் 2021இல் தன் சட்டத்தைத் திருத்தி, 50 ஆண்டுகளும் அதற்கு மேலும் வயதுள்ள மரங்களைப் பாரம்பரிய மரங்கள் என்றது. வெட்டப்படும் மரத்தின் வயது எத்தனையோ அத்தனை கன்றுகள் நட வேண்டும் என்றும் விதித்தது. நோக்கம் உயர்ந்தது. ஆனால் நிற்கும் மரத்தின் வயதை எப்படி நிறுவுவது? வெப்பநாட்டு மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையங்கள் தெளிவாக விழுவதில்லை. விழுந்தாலும் வெட்டிய பிறகுதான் எண்ண முடியும். தன் மரத்துக்கு 48 வயதுதான் என்று மனைக்காரர் சொன்னால் மறுக்க அலுவலரிடம் எந்தக் கருவியும் இருக்காது. சுற்றளவை அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும், நாடாவால் அளந்துவிடலாம். விதியில் வயதை எழுதாதீர்கள்.

மரம் வரைபடத்தில் ஏற வேண்டும்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். இன்றைய நடைமுறையில் வெற்று மனையாக எண்ணி வரைபடம் வரையப்படுகிறது. படிக்கட்டு, லிஃப்ட், வாகன நிறுத்தம் எல்லாம் இடம்பிடித்த பிறகு மரம் இடைஞ்சலாகத் தெரிகிறது. அப்போது வெட்ட அனுமதி கேட்கப்படுகிறது. அந்தக் கட்டத்தில் மரத்துக்காக வரைபடத்தை மாற்றச் சொன்னால் யாரும் மாற்றமாட்டார்கள், ஏனென்றால் முன்பணம் வாங்கி வீடுகள் விற்பனையாகியிருக்கும்.

ஆகவே கட்டட அனுமதி விண்ணப்பத்தின் முதல் தாளிலேயே மர வரைபடம் இணைக்கப்பட வேண்டும். விதியின் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: ‘மனைக்குள்ளும், மனையின் எல்லையிலிருந்து ஐந்து மீட்டர் தொலைவுக்குள் சாலையிலோ பக்கத்து மனையிலோ நிற்கும், நெஞ்சுயரத்தில் 30 செ.மீ. சுற்றளவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்தின் இடமும், இனமும், சுற்றளவும், கிளைப்பரப்பும், அடிமரத் தரைமட்டமும் அளவுக்கு ஏற்ப வரைபடத்தில் குறிக்கப்பட்டு, ஒவ்வொரு மரத்தின் முழு உருவமும் அடிமரமும் தெரியும் நிழற்படங்களோடு அளிக்கப்பட வேண்டும். அவ்வாறு அளிக்கப்படாத விண்ணப்பம் முழுமையற்றதாகக் கருதித் திருப்பப்படும்.’ பக்கத்து மனையையும் சாலையையும் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. வேர் பட்டா பார்த்துப் பரவுவதில்லை; மனைக்குள் தோண்டும் அடித்தளப் பள்ளம் சாலையோர மரத்தின் ஒரு பக்க வேரை முழுவதுமாக அறுத்துவிடும். வாயில் எங்கே வைப்பது என்பதையும் இதே தாளில் பார்த்துவிட்டால், பிறகு வண்டி திரும்பவில்லை என்று சாலை மரத்தை வெட்டக் கேட்கும் மனு வராது.

தரைமட்டம் என்ற ஒரு சொல்லை அந்த வாசகத்தில் நான் வலிந்து சேர்த்திருக்கிறேன். மண் கொட்டி மேடாக்கும் வழக்கம் பரவலாக உள்ள நம் ஊர்களில், கட்டுமானத்துக்கு முன் மரத்தடியின் மட்டம் என்ன என்று எழுத்தில் இல்லாவிட்டால் பிறகு யாரும் எதையும் நிறுவ முடியாது.

2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றிதழ் முறையில் 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையவழியில் உடனடி அனுமதி கிடைக்கிறது. வீடு கட்டும் எளிய குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். அதைக் கெடுக்கும் எதையும் நான் சொல்லமாட்டேன். ஆனால் அனுமதிக்கு முன் எவரும் மனையைப் போய்ப் பார்ப்பதில்லை என்பதால், மரம் இருப்பதே அரசுக்குத் தெரியாமல் போகிறது. இந்த முறையின் இணையப் படிவத்தில் மரம் பற்றிய ஒரு உறுதிமொழியும், மனையின் நான்கு மூலைகளிலிருந்தும் எடுத்த படங்களும் கேட்டால் போதும். 90 செ.மீ. தாண்டிய மரம் இருப்பதாகக் குறித்தால் மட்டும் விண்ணப்பம் வழக்கமான பரிசீலனைக்குச் செல்லட்டும். இல்லையென்றால் அன்றே அனுமதி கிடைக்கட்டும். இந்த மாற்றம் மாநில அரசின் கையில் இருப்பதால், இது இரண்டாவது ஆவணத்தில் முதல் பரிந்துரையாக இருக்க வேண்டும்.

வேர் வட்டம்

மரத்தின் உயிர் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணின் இரண்டு மூன்று அடிக்குள்தான் இருக்கின்றன. நீரும் சத்தும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் முதல் ஓரடியிலேயே பரவி, பெரும்பாலும் கிளைகளின் விளிம்பையும் தாண்டிச் செல்கின்றன. வேருக்குக் காற்று வேண்டும். ஓரடி மண்ணை மேலே கொட்டினாலும், லாரி ஏறி மண் இறுகினாலும், வேர் மூச்சுத் திணறுகிறது. மரம் உடனே சாவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் கட்டியவர் போய்விடுகிறார்.

பிரிட்டனின் பிஎஸ் 5837 என்ற தரநிலை, தண்டு விட்டத்தின் 12 மடங்கை ஆரமாகக் கொண்ட வட்டத்தை வேர்ப் பாதுகாப்புப் பகுதி என்கிறது. கணக்கு எளிது. 188 செ.மீ. சுற்றளவுள்ள வேம்புக்கு விட்டம் ஏறக்குறைய 60 செ.மீ.; ஆரம் 7.2 மீட்டர்; பரப்பு 163 சதுர மீட்டர், அதாவது 1,750 சதுர அடி. ஒரு கிரவுண்டு என்பதே 2,400 சதுர அடி. அந்த விதியை அப்படியே எடுத்து ஒட்டினால் ஒரு கிரவுண்டு மனைக்காரர் வீடே கட்ட முடியாது. விண்ணப்பிப்பதற்கு முன்பே அந்த மரம் இரவோடிரவாகக் காணாமல் போயிருக்கும். வெளிநாட்டு விதியை மொழிபெயர்த்து ஏற்பதன் கேடு இதுதான்.

ஆகவே இரண்டு வட்டம் வையுங்கள். உள்வட்டம் விட்டத்தின் ஐந்து மடங்கு ஆரம் கொண்டது. நம் வேம்புக்கு மூன்று மீட்டர், ஏறக்குறைய 300 சதுர அடி. மரம் எல்லைச்சுவரை ஒட்டி நின்றால் மனைக்குள் விழும் பங்கு அதிலும் பாதிதான். இந்த உள்வட்டத்தில் தோண்டவும், மண் ஏற்றவும், தளம் போடவும், பொருள் அடுக்கவும் கூடாது, விலக்கே இல்லை. வெளிவட்டம் 12 மடங்கு. பெரிய மனைகளில் அதுவும் முழுமையாகக் காக்கப்பட வேண்டும். சிறிய மனைகளில் அங்கே கட்டலாம். ஆனால் முறை மாற வேண்டும். தொடர் அஸ்திவாரத்துக்குப் பதிலாகத் துளைத்தூண் இறக்கி, தரைக்குச் சற்று மேலே உத்திரம் பாய்ச்சிக் கட்டலாம். காம்பவுண்டு சுவரையும் அப்படியே தூண் வைத்து எழுப்பி, பருத்த வேர் போகும் இடத்தில் உத்திரத்தைத் தாண்டவிடலாம். பள்ளம் ஜேசிபியால் அல்லாமல் கையால் தோண்டப்பட வேண்டும். மணிக்கட்டுப் பருமனுள்ள வேர் தென்பட்டால் நிறுத்திவிட்டு அலுவலரை அழைக்க வேண்டும். சம்ப், செப்டிக் டேங்க், ஆழ்துளைக் கிணறு, மழைநீர்த் தொட்டி ஆகியவை எந்தப் பக்கம் என்பதை வரைபடத்திலேயே மரத்துக்கு எதிர்ப்புறமாகக் காட்டச் செய்யுங்கள். பெரும்பாலும் இவற்றின் இடத்தை மேஸ்திரிதான் கடைசி நேரத்தில் முடிவு செய்கிறார். மரம் சாவது அந்த முடிவில்தான்.

மனையை உயர்த்தியே ஆக வேண்டிய தாழ்வான பகுதிகளில், உள்வட்டத்தின் விளிம்பில் தாங்குசுவர் எழுப்பி உள்ளே பழைய மட்டத்தை விட்டுவைக்க வேண்டும். கிணறு போல ஆகிவிடும் அந்தப் பள்ளத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைநீர் நாள்கணக்கில் நிற்காதபடி வெளியேற வழி வைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் மண்ணால் சாகாத மரம் தண்ணீரால் சாகும்.

நடைபாதை மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் சிமென்ட் போடாமல் விட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் தில்லிக்கு ஆணையிட்டது. அந்த ஒரு மீட்டரைப் புதிய கட்டுமானத்துக்கும் அளவாகச் சிலர் எழுதிவிடுகிறார்கள். ஏற்கெனவே கழுத்தை நெரித்த மரத்துக்குச் சற்று மூச்சுவிட இடம் தருவதற்கான அளவு அது. புதிதாகத் தோண்டுவதற்கு எல்லை வகுப்பதற்கு உரியதன்று.

வேரைக் காப்பது மனிதரின் பாதுகாப்புக்கும்தான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. ஒரு பக்கம் வேரறுந்த மரம் காற்றில் மற்றப் பக்கம் சாயும். மரம் ஆபத்தானது என்று வாதிடும் உறுப்பினர் மன்றத்தில் நிச்சயம் இருப்பார். வேர் வட்டம்தான் அவருக்கான விடை என்பதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லுங்கள்.

கட்டுகிறவருக்கு வழி விடுங்கள்

மரத்தால் இழப்பு மட்டுமே என்றால் மரம் தோற்கும். பெருமரத்தைக் காக்கும் மனைக்கு, ஒரு பக்க இடைவெளியைக் குறைத்து மறுபக்கம் கூட்டிக்கொள்ளும் சலுகை, ஒன்றிரண்டு வாகன நிறுத்தங்களிலிருந்து விலக்கு, இழந்த தளப்பரப்பை மேலே ஏற்றிக்கொள்ளும் உரிமை ஆகியவற்றை மாநில அரசுக்கான ஆவணத்தில் கேளுங்கள். இவற்றில் வாகன நிறுத்த விலக்கு மிக முக்கியமானது. முன்புறத் திறந்தவெளி முழுவதும் கற்பாவுவதற்கு வாகன நிறுத்தக் கணக்கே பெரும்பாலும் காரணமாகிறது. பெரிய மனைப்பிரிவுகளில் விடப்படும் பத்து விழுக்காட்டுத் திறந்தவெளி ஒதுக்கீட்டை ஏதோ ஒரு மூலையில் தராமல், மரங்கள் செறிந்திருக்கும் இடத்திலேயே தரவேண்டும் என்ற ஒரு வரியும் சேரட்டும்.

அனுமதியும் அறிவிப்பும்

கர்நாடகம் 2015இல் செய்த திருத்தத்தின்படி 50 மரங்களுக்கு மேல் வெட்டுவதென்றால் பொது அறிவிப்பு செய்து மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். தில்லியில் 50 அல்லது அதற்கு மேற்பட்ட மரங்களை வெட்டும் அனுமதி, காடு தொடர்பான வழக்குகளுக்கென அமைந்த மத்திய அதிகாரக் குழுவின் பார்வைக்குச் செல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஆணையிட்டது. மேம்பாலங்களுக்கும் மெட்ரோ பாதைகளுக்கும் இந்த எண்ணிக்கை பொருந்தலாம். மயிலாப்பூரிலோ மதுரை அண்ணாநகரிலோ ஒரு மனையில் ஐம்பது மரம் எங்கே இருக்கிறது? நம் விதியில் 90 செ.மீ. தாண்டிய ஒரே ஒரு மரமானாலும் மனையின் முன் தமிழில் பலகை வைத்து, மரத்திலும் எண் எழுதிய அட்டையைக் கயிற்றால் கட்டி (ஆணி அடித்து அல்ல), 15 நாள் விட வேண்டும். அதே அறிவிப்பு வார்டு குழுவின் பார்வைக்கும் செல்ல வேண்டும்.

அலுவலருக்குக் காலக்கெடு விதியுங்கள். ஆனால் கெடுவுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம் என்ற வாசகத்தை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். அப்படி எழுதினால், பதில் சொல்லாமலிருப்பதே வெட்ட அனுமதிக்கும் எளிய வழியாகிவிடும். கெடு தவறினால் கோப்பு தானாக மேலதிகாரிக்குச் செல்லட்டும். அனுமதி வழங்கிய நாளுக்கும் வெட்டும் நாளுக்கும் நடுவில் மேல்முறையீட்டுக்கென ஒரு இடைவெளியும் கட்டாயம் வேண்டும். 2019 அக்டோபர் 4 அன்று மரம் வெட்டுவதை எதிர்த்த மனுக்களைப் பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்த அன்றிரவே மும்பையின் ஆரே பகுதியில் மெட்ரோ பணிமனைக்காக மரங்கள் வெட்டப்படத் தொடங்கின. உச்ச நீதிமன்றம் மூன்று நாளில் தடை விதித்தபோது ஈராயிரத்துக்கும் மேற்பட்டவை சாய்ந்திருந்தன.

ஈடு நடுதலும் இடம் மாற்றுதலும்

ஒன்றுக்குப் பத்து என்ற சொல் கேட்க இனிமையாக இருக்கிறது. கணக்கிட்டுப் பாருங்கள். 20 மீட்டர் அகலம் விரிந்த தூங்குமூஞ்சி மரத்தின் கிளைப்பரப்பு 314 சதுர மீட்டர். ஒரு மீட்டர் அகலமுள்ள கன்றின் பரப்பு 0.8 சதுர மீட்டருக்கும் குறைவு. பத்துக் கன்றும் சேர்ந்து எட்டு சதுர மீட்டர் ஆகாது. அந்த நிழலை நட்ட நாளிலேயே ஈடுகட்ட 400 கன்றுகள் வேண்டும். எனவே எண்ணிக்கையைக் கைவிட்டு, இழந்த கிளைப்பரப்பை அளவாக வையுங்கள்: எந்த இனம், எத்தனை ஆண்டில், எவ்வளவு பரப்பை எட்டும் என்று ஒரு அட்டவணை தயாரித்து, 15 ஆண்டுக்குள் இழந்த பரப்பை எட்டும் அளவுக்கு நடச் சொல்லுங்கள். நடும் இடம் அதே வார்டுக்குள் இருக்கட்டும். அடையாற்றில் போன நிழலுக்குச் செங்கல்பட்டு ஏரிக்கரையில் கன்று நட்டால், அடையாற்றுத் தெருவில் நடப்பவருக்கு அது வெயில்தான்.

மரத்தைப் பெயர்த்து நடுவதைத் தீர்வாக எழுதுவதற்கு முன் தில்லியின் அனுபவத்தைப் பாருங்கள். 2020இல் வந்த அதன் கொள்கை, பாதிக்கப்படும் மரங்களில் 80 விழுக்காட்டைப் பெயர்த்து நட வேண்டும், அவற்றில் 80 விழுக்காடு பிழைக்க வேண்டும் என்றது. 2022இல் நீதிமன்றத்தில் அளிக்கப்பட்ட கணக்கில் பிழைத்தவை மூன்றில் ஒரு பங்குதான். ஆல், அரசு, அத்தி வகைகள் எளிதில் வேர் பிடிக்கும்; ஆணிவேர் ஆழச் சென்ற முதிர்ந்த மரங்கள் அப்படியல்ல. எனவே பெயர்த்து நடுவது வெட்டுவதற்குச் சமமாகவே கருதப்பட வேண்டும். மூன்று ஆண்டு பிழைத்திருந்தால் மட்டும் ஈட்டுக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

வைப்புத்தொகையும் தண்டமும்

தண்டம் வசூலிப்பதைவிட வைப்புத்தொகையைத் திருப்பித் தராமல் வைத்திருப்பது எளிது. கட்டடம் முடிந்த பின் அபராதம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினால் அது நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்கில் உறங்கும். சிறிய குடியிருப்புகள் பலவற்றுக்குக் கட்டட நிறைவுச் சான்றிதழே தேவையில்லை என்பதால் அந்தப் பிடியும் இல்லை. ஆகவே அனுமதி பெறும்போதே, காக்கப்படும் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு தொகையை வைப்பாகச் செலுத்தச் செய்யுங்கள்.

எவ்வளவு என்ற கேள்விக்கு எவராலும் துல்லியமான விடை தர முடியாது. உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு ஒன்று ஒரு மரத்தின் மதிப்பை ஆண்டுக்கு 74,500 ரூபாய் என்று கணக்கிட்டது. ஒரு தனிவீட்டுக்காரர்மீது அந்தத் தொகையை முப்பது, நாற்பது ஆண்டுக்குப் பெருக்கிச் சுமத்தினால் விதி சாகும். அனுமதியின்றி வெட்டிய 454 மரங்களுக்கு, தாஜ்மகால் பாதுகாப்புப் பகுதி தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025இல் மரத்துக்கு ஒரு லட்சம் ரூபாயை ஏற்றது. அதை மேல்வரம்புக்கு ஒரு வழிகாட்டியாகக் கொண்டு, கட்டும் பரப்புக்கேற்ப வைப்புத்தொகையை ஏற்றி இறக்குவது நடைமுறைக்கு ஒத்துவரும். அடிமரத்தில் துளையிட்டு ஆசிட் ஊற்றுவது, பட்டையை வளையமாக உரிப்பது, அடியில் குப்பை கொளுத்துவது ஆகியவையும் வெட்டியதாகவே கருதப்படும் என்று சொல் சொல்லாக எழுதுங்கள். ‘சேதப்படுத்துதல்’ என்ற பொதுச்சொல் போதாது.

விதி வருவதற்கு முந்தைய இரவு

மரப் பாதுகாப்பு விதி வரப்போகிறது என்ற செய்தி கசிந்த நாளிலிருந்து அது நடைமுறைக்கு வரும் நாள் வரையிலான காலம்தான் மரங்களுக்கு மிக ஆபத்தானது. கருத்துக் கேட்புக்கு வரைவை வெளியிடும் அன்றே இடைக்காலத் தடைத் தீர்மானம் ஒன்றையும் நிறைவேற்றுங்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அந்த மனையில் இருந்த மரங்களும் கணக்கில் சேரும் என்று விதியில் எழுதுங்கள்; பழைய செயற்கைக்கோள் படங்கள் கிளைப்பரப்பைத் தெளிவாகவே காட்டுகின்றன.

ஆள் இல்லாமல் விதி நடக்காது. மண்டலத்துக்கு ஒருவராவது தாவரவியலோ வனவியலோ படித்த மர அலுவலராக வேண்டும். கட்டட ஆய்வாளரின் தலையில் இதையும் ஏற்றினால் அவர் தூணையும் சுவரையும் பார்ப்பார், மரத்தைப் பார்க்க அவருக்கு நேரமிருக்காது. மர அலுவலர் மனைக்கு மூன்று முறை செல்ல வேண்டும். முதல் முறை, வேலை தொடங்குவதற்கு முன், உள்வட்டத்தைச் சுற்றிச் சவுக்குக் கம்பு நட்டுத் தகரம் அடித்திருக்கிறார்களா என்று பார்க்க. அந்த வேலி நிற்காமல் ஒரு கூடை மண்ணும் எடுக்கக் கூடாது. இரண்டாம் முறை, அஸ்திவாரப் பள்ளம் திறந்திருக்கும்போது. அறுபட்ட வேரைப் பார்க்க வேறு நாள் கிடையாது.

மூன்றாவது, வைப்புத்தொகையைத் திருப்பித் தருவதற்கான ஆய்வு. இதைக் கட்டடம் முடிந்த மாதத்தில் வைக்காதீர்கள். அன்று எல்லா மரமும் பச்சையாகத்தான் இருக்கும். கட்டி முடித்து மூன்று ஆண்டு கழித்து, பங்குனி பிறந்த பின், வேம்பும் புங்கனும் துளிர்விடும் நாளில் அலுவலர் நாடாவோடும் பழைய நிழற்படத்தோடும் போய் நிற்க வேண்டும். உச்சிக் கிளை வரை துளிர்த்திருந்தால் அன்றே பணம் திரும்பட்டும்.